வரிச்சிக்குடி மோட்டாரும் என் போனும்

வரிச்சிக்குடி வயல் மோட்டாரை வீட்டிலிருந்தே போட, பேட்டரியில் ஓடும் சிறு கணினி போர்டில் நானே கற்றுக்கொண்டு ஒரு வெப் சர்வர் அமைத்திருந்தேன்.

இன்று ஜெபம் முடித்து, போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து ‘ஓடு’ என்பதை அழுத்தினேன். ஓடுகிற அறிகுறியே இல்லை. வயலைப் பார்த்துக்கொள்ளும் முருகையனைக் கூப்பிட்டேன்.

“கரண்டு இல்லக்கா. அதான் மோட்டார் பெல்ட்ட மாட்டிக்கிட்டு இருக்கேன்.”

“கைய எடுங்க தம்பி! நான் போட்டுட்டேன், கரண்டு வந்தா ஓடிடும்!”

உடனே ‘நிறுத்து’ அழுத்தினேன்.

“கை உள்ளதான்க்கா இருந்துச்சு” என்றார், மெதுவாக.

அமைப்பை மாற்றிவிட்டேன். மோட்டார் கொட்டகையில் அவர் சுவிட்சைப் போடாமல் இனி என் பொத்தான் வேலை செய்யாது.

மாதாதான் கரண்டைப் பிடித்து வைத்திருந்தார் என்று நம்புகிறேன்.

மின்வெட்டைத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டுங்கள். இன்று மட்டும் என்னைத் துணைக்குக் கூப்பிடாதீர்கள்.