ஆறாவது டிரம்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. திதிக்கு வந்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் இந்த நினைவு மலரில் இந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது முழுதாகப் படிக்க வேண்டும்.

அக்கா பிறந்தது மண்ணூரில். அப்பா தவறியபோது அவருக்குப் பதினேழு வயது, எனக்கு ஒன்பது. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பாத்திரம் கழுவி என்னை டிப்ளமோ படிக்க வைத்தார். எனக்குத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை கிடைத்த பிறகே அந்த வேலையை விட்டு, மூன்று கறவை மாடுகள் வாங்கினார். அவருடைய உழைப்பையும் பொறுமையையும் நீங்கள் அறிவீர்கள். அவரைப் பற்றி நீங்கள் தவறாக அறிந்திருக்கும் ஒன்றைத் திருத்தவே எழுதுகிறேன்.

மேய்ச்சல் நிலமெல்லாம் கம்பெனிச் சுற்றுச்சுவர்களுக்குள் போய்விட்டதால், கோடைக்குப் பசுந்தீவனம் சேமிக்க அக்கா ஊறுகாய்ப்புல் போடக் கற்றார். மக்காச்சோளத்தையும் காராமணியையும் சேர்த்து விதைத்து, நறுக்கி, பிளாஸ்டிக் டிரம்மில் காற்றுப் புகாமல் மிதித்து மூட வேண்டும். காராமணியில் சத்து அதிகம், இனிப்பு குறைவு. அழுகாமல் புளிப்பதற்கு, வெல்லப்பாகையும் கால்நடை மருத்துவர் தந்த நுண்ணுயிர்த் தூளையும் கரைத்து ஒவ்வோர் அடுக்கிலும் தெளிக்க வேண்டும். "தயிருக்கு உறை ஊத்தற மாதிரிதான்டா" என்பார் அக்கா.

முதன்முறையாக ஆறு டிரம் போட்ட அன்று நறுக்கியவர் அவர். தெளித்து மிதித்தவன் நான். தேநீர் வேளையிலேயே என் நாட்குறிப்பில் "ஆறு டிரம், ஆறிலும் தெளித்தாயிற்று" என்று எழுதிவிட்டேன். ஆறாவதுக்கு வந்தபோது கரைசல் தீர்ந்திருந்தது. மறுபடி கரைக்க வெல்லமும் தூளும் வீட்டில் இருந்தன. இரண்டாம் ஷிப்ட் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால், வெறும் தீவனத்தை மிதித்து மூடிவிட்டு ஓடினேன்.

நாற்பத்தைந்து நாள் கழித்து, பால் சங்கத்துப் பெண்களை அழைத்து அக்கா டிரம்மைத் திறந்தார். நன்றாக இருந்தால் அவர்களும் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். கடைசியாக வைத்த ஆறாவதுதான் கைக்கு முதலில் வந்தது. மூடியைத் தூக்கியதும் நாற்றம். உள்ளே கறுத்துக் கொழகொழவென்று இருந்தது.

"இன்னாம்மா இது, ஊறுகாயா சாக்கடையா?" என்றார் வேடிக்கை பார்க்க வந்திருந்த சித்தப்பா. "மருந்து கலக்காதனு அன்னிக்கே சொன்னேன். நல்லா கீற மாட்ட சாவடிச்சிடப் போற."

"எங்க வூட்டு மாட்டுக்கு வைக்கோலே போதும்க்கா" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "டேய், இதுல பாகு ஊத்துனியா?"

நாட்குறிப்பை எடுத்து வந்து காட்டினேன். விரல் வைத்துப் படித்தார்.

"நீ எழுதி வெச்சிருந்தா சரியாத்தான் இருக்கும். அப்போ நான்தான் அளவு தப்பா சொல்லிட்டேன்."

மாடுகளுக்கு ஏதாவது ஆகிவிடுமென்று பயந்து, மற்ற ஐந்தையும் குழியில் கொட்டச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கொட்டியவன் நான். ஐந்திலும் தீவனம் மஞ்சள் கலந்த பச்சையாக, பழவாசனையோடு இருந்தது. தெரிந்தே மண்ணைத் தள்ளி மூடினேன். அந்தக் கோடையில் அக்கா இரண்டு மாடுகளை விற்றார். விசேஷ வீடுகளில் அவரை "ஊறுகாய்க்காரி" என்று கேலி செய்தபோது நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

கடைசி வாரத்தில், ஆஸ்பத்திரியில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது கேட்டார்: "அந்த டிரம்ல நான் இன்னாடா தப்பு பண்ணேன்?"

"அதெல்லாம் இப்போ எதுக்குக்கா" என்று சொல்லி அவர் வாயைத் துடைத்துவிட்டேன்.

அவர் எந்தத் தப்பும் பண்ணவில்லை. மருந்து கலந்ததால் அந்த டிரம் கெடவில்லை. நான் கலக்காததால் கெட்டது. நாட்குறிப்பில் அந்த வரியை அடித்து, பக்கத்தில் உண்மையை எழுதிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் முறைவைத்து அக்காவுக்குத் துணையிருந்த பால் சங்கத்துப் பெண்களுக்கும், இறுதிச் சடங்குகளை முன்நின்று நடத்திய சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று அக்கா சொன்ன அளவை, அவர் சொன்னபடியே இந்த மலரின் பின்னட்டையில் அச்சிட்டிருக்கிறேன். போட நினைப்பவர்கள் ஒவ்வோர் அடுக்கிலும் தெளியுங்கள். கடைசி டிரம்மிலும்.