முறையுள்ள ஜோடி

பொங்கலுக்கு எங்கள் தெருவில் காதல் நாடகம் போடுவதற்கு முதல் இடைஞ்சலே முறைதான். கோச்சடையில் நாங்கள் இருந்த தெருவில் பாதிக்கு மேல் ஒரே வகையறா. எந்தப் பையனையும் பெண்ணையும் ஜோடியாக நிறுத்தினாலும் அண்ணன் தங்கை முறை வந்துவிடும். மேடையில்கூட அது ஆகாது. சிரிப்பு நாடகத்தை எழுதி வைத்திருந்த சித்தப்பா, யாராவது புருஷன் பெண்டாட்டியே காதலர்களாக நடிக்கட்டும் என்று முடிவுகட்டினார். சித்தி முகத்தில் அடித்த மாதிரி மறுத்துவிட்டாள். மற்றப் பெண்கள் சிரித்துக்கொண்டே நழுவினார்கள். அம்மா மட்டும், "நாங்க நடிக்கிறோம்" என்றாள்.

நான் அப்போது ஏழாம் வகுப்பு. பொங்கல் கழிந்ததும் அம்மாவுக்கு இருதய வால்வில் ஆபரேஷன். டாக்டர் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை என்று பெரியவர்கள் சமையலறையில் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்திருந்தது. ஆனாலும் என் பெரிய கவலை, வகுப்புப் பிள்ளைகள் நாடகம் பார்க்க வருகிறார்களே என்பதுதான்.

அப்பாவும் பயந்தார். டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் நாளெல்லாம் பேசுகிறவர், வீட்டில் அம்மாவை "இந்தா" என்பதற்கு மேல் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "ஒனக்கு மூச்சு வாங்கும், வேணாம்" என்று தட்டிக்கழிக்கப் பார்த்தார்.

"சேர்ல உக்காந்துக்கிட்டே நடிக்கிறேன்" என்றாள் அம்மா.

அப்படியாக, வீட்டை விட்டு ஓடிப்போகிற காதலி, பெரியார் பஸ் ஸ்டாண்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். காதலன் ஒரு பயந்தாங்கொள்ளி. கண்டக்டரைப் பார்த்தாலும் போலீஸ் என்று நடுங்குவான். தொப்பை பிதுங்கும் டீ ஷர்ட்டில் அப்பா வந்து நின்றதற்கே தெரு சிரித்தது. அவருடைய நடுக்கம் நடிப்பில்லை என்பது எனக்குத் தெரிந்ததால் இன்னும் கூசியது. அம்மாவின் கையைப் பிடித்து, "நீ இல்லாட்டி எனக்கு யாரு இருக்கா" என்று அவர் சொல்ல வேண்டும். கையைப் பிடித்தார். "நீ இல்லாட்டி..." என்றார். அதோடு நின்றுவிட்டார்.

"அண்ணே, பஸ்ஸு கெளம்பிரும், வெரசா சொல்லுங்க" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். அம்மா, "சொல்லுங்க" என்று மெதுவாகச் சொன்னது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. அப்பா மறுபடி ஆரம்பித்து, அதே இடத்தில் தேம்பித் தேம்பி அழுதுவிட்டார். ஜனம் விசிலடித்தது. "அம்புட்டும் நடிப்புங்க" என்று சித்தப்பா சமாளித்தார். பக்கத்திலிருந்தவள், "உங்கப்பாவாடி அது?" என்று கேட்டபோது நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்தவள்தான், கடைசிவரை நிமிரவில்லை. அதன் பிறகு பள்ளிக்கூடம் போகவே வெட்கமாக இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது அன்று காலை நடந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த அம்மா அப்பாவிடம், "அன்னைக்குப் பாதியில விட்டீங்கள்ல, அத முழுசாச் சொல்லுங்க" என்றாள்.

அப்பா என்னைப் பார்த்தார். "புள்ள நிக்கிறா" என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பி, "எனக்கு ஒரு டீ வாங்கிட்டு வாடி" என்றாள்.

பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு முன்னால் இவர்கள் மறுபடி நாடகத்தைத் தொடங்கிவிட்டார்களே என்று காது சூடேற, விட்டால் போதுமென்று ஓடினேன். டீயோடு திரும்பி வந்தபோது நர்ஸ் வாசலிலேயே மறித்தார். "ஆபரேஷன் முடியிற வரைக்கும் பச்சத்தண்ணிகூடக் கூடாதுன்னு விடியக்காலையே உங்கம்மாகிட்ட சொன்னேனே" என்று திட்டினார். உள்ளே அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா அவர் கையை விடாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பயத்தில் அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டு மாடி வீணாக இறங்கி ஏறிய கோபத்தில், வராந்தாவில் நின்று அந்த டீயை நானே குடித்தேன்.