மூன்று கடைகளில் கிடைக்காத வயர்

எங்கள் நமுனுகுல தேயிலைத் தோட்டத்தில் கரண்ட் வேலை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கோயில் திருவிழாவன்று காலை, என் பழைய ஆம்ப்ளிஃபயரின் கழற்றி மாட்டும் கரண்ட் வயரை எலி கடித்துக் குதறியிருந்தது. ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு பண்டாரவளை டவுனுக்கு ஓடினேன். ஏறி இறங்கிய மூன்று எலக்ட்ரிக் கடைகளிலும், "இதுக்கு வயர் வராதுங்க, புது செட் வாங்குங்க" என்றார்கள்.

சாப்பாட்டுக் கடையில் சோர்ந்து உட்கார்ந்தேன். கடைக்கார அக்கா ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் வயர் மாட்டும் இடத்தை எட்டிப் பார்த்தார். சோறு வெந்துகொண்டிருந்த ரைஸ் குக்கரிலிருந்து வயரைச் சட்டென்று பிடுங்கி, "இத மாட்டிப் பாருங்க தம்பி" என்றார்.

கச்சிதமாகப் பொருந்தியது! சிவப்பு விளக்கு எரிந்ததும் துள்ளிக் குதித்தேன்.

"கொண்டு போங்க. சோத்த நான் கேஸ் அடுப்புல வச்சுக்கிறேன்."

மாலையில் தோட்டமே அதிரப் பாட்டுப் போட்டேன். வீடு திரும்பியதும் முதல் வேலையாக எங்கள் குக்கரைப் பார்த்தேன். அதே வயர்! பத்து வருடமாக அதில் வெந்த சோற்றைச் சாப்பிடும் நான், ஒரு நாளும் அந்த வயரை மாட்டியதில்லை.