அம்மாவின் பன்னிரண்டு விநாடிகள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புனே பக்கம் நிக்டியில் இருந்த எங்கள் வீட்டு ஹாலின் நடுவே மாமா ஒரு வாளியை வைத்தார். உள்ளே தண்ணீர், அதில் கீழேயிருந்த கரும்புச்சாறுக் கடையில் கெஞ்சி வாங்கிய ஐஸ். மாமா என்றால் அம்மாவின் தம்பி. திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களோடு தங்கி, பிசியோதெரபி கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்பது வயது. டெஸ்ட் பேப்பரில் அப்பா கையெழுத்தை அப்பாவைவிட அழகாகப் போட்டுத் தருவார் என்பதால் அவர்மேல் எனக்குத் தனிப் பாசம்.

அவருடைய ப்ராஜெக்ட் இதுதான்: தோளையும் முதுகையும் நன்றாக அழுத்திப் பிடித்துவிட்டால், எந்த நோயும் இல்லாதவர்களுக்கும் வலி உறைப்பது குறையுமா? முதலில் ஐஸ் தண்ணீரில் கையை விட வேண்டும். வலித்த உடனே சொல்ல வேண்டும். பிறகு இருபது நிமிஷம் அவர் அமுக்குவார். மறுபடியும் வாளி. இரண்டாம் முறை அதிக நேரம் தாங்கினால் மாமாவுக்கு வெற்றி.

"நம்பர் மட்டும் மாறி வந்துச்சுன்னா, ஊருக்கு மூட்டையக் கட்ட வேண்டியதுதான்" என்று அவர் சும்மா சொன்னதை நான் சத்தியமாக நம்பிவிட்டேன்.

அப்பா பதினைந்தாவது விநாடியில், "எலேய் மாப்ள, வெரல் இருக்கா பாருல!" என்று அலறினார். அமுக்கிய பிறகு முப்பது. நாங்கள் காகூ என்று கூப்பிடும் எதிர்வீட்டு அத்தை "ஆயி க!" என்று மராத்தியில் கத்திவிட்டு, இரண்டாம் முறை அதே வாளியில் கையை வைத்துக்கொண்டு எங்களுக்கு வடாபாவ் பக்குவம் சொன்னார். எனக்கும் கூடியது. மாமா முகத்தில் ஒரே பெருமை.

கடைசியாக அம்மா.

"எக்கா, எங்கயாச்சும் வலி கிலி உண்டா?"

"எனக்கென்னல, கல்லு மாரி இருக்கேன். சீக்கிரம் முடி, குக்கர் வச்சிருக்கேன்."

மாமா 'ஆரோக்கியம்' என்ற கட்டத்தில் டிக் போட்டார். அம்மா கையை விட்டாள். ஒரு நிமிஷம் போனது. ஒன்றரை ஆனது. அம்மா பருப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிஷத்தில் மாமாவே பயந்துபோய்க் கையை வெளியே இழுத்தார். கை சிவந்திருந்தது.

பிறகு அமுக்க ஆரம்பித்தார். தோள்பட்டைக்குக் கீழே ஓரிடத்தில் அவர் கட்டைவிரல் நின்றதும், அம்மா பேச்சைப் பாதியில் விட்டாள். குக்கர் கத்தியது. அம்மா அசையவே இல்லை. அப்பாதான் ஓடிப்போய், எந்தத் திருகு என்று தெரியாமல் எல்லாவற்றையும் அணைத்தார்.

மறுபடியும் வாளி. பன்னிரண்டாவது விநாடியில், "ஏலேய், வலிக்குதுல!" என்று அம்மா கையை உதறினாள். கண்ணில் தண்ணீர் வேறு.

போச்சு. மாமாவுக்கு மூட்டைதான். எல்லாரும் சாப்பிடப் போனதும் நான் நோட்டை எடுத்து, முதலில் பன்னிரண்டு, பிறகு நூற்றிருபது என்று மாற்றி எழுதி வைத்தேன். என் கோழிக்கிறுக்கல் மாமாவுக்குத் தெரியாதா?

"ஏட்டி, இது ஒன் வேலையா?"

"நீங்க ஊருக்குப் போக வேண்டாம் மாமா."

அவர் என் தலையில் செல்லமாகக் குட்டினார். என் எண்களை அடித்துவிட்டுப் பழையபடியே எழுதினார். பிறகு 'ஆரோக்கியம்' கட்டத்தில் போட்ட டிக்கையும் அடித்தார். கொஞ்ச நேரம் சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அம்மா நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மாமா பாஸாகிவிட்டார். ஊருக்கும் போகவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவைப் பிடித்து உட்கார வைத்து அமுக்கினார். வாளி இல்லை, நோட்டு இல்லை. அம்மாவின் நம்பரைச் சரியாக வர வைக்காமல் விடமாட்டார்போல என்று நினைத்துக்கொண்டேன்.

சரியாகவே வரவில்லை. அதுவரை ஒருநாளும் வலி என்று சொல்லாத அம்மா, "முட்டி வலிக்கு, நீங்க போயி பால் வாங்கிட்டு வாங்க" என்று அப்பாவிடம் சொல்ல ஆரம்பித்தாள். இன்னொரு நாள் இடுப்பு. மறுநாள் கழுத்து. காய் நறுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

கல்லு மாதிரி இருந்த அம்மாவை இந்த மாமா அமுக்கி அமுக்கியே கெடுத்துவிட்டார் என்று, ஒரு வருஷம் முழுக்க அவர்மேல் கோபமாகவே இருந்தேன்.