பாதி விலையில் கிடைத்த ஊமைக் கேமரா

இன்று ராயபுரத்தில் ஒரு கடை வாசலில் நின்றுவிட்டேன். தொழில்முறை வீடியோ கேமராவுக்குக் கிறிஸ்துமஸ் தள்ளுபடியாம்.

கல்யாண வீடுகளில் படமெடுத்தே பிழைத்தவன். கால் நகரவில்லை.

"பேசுறது அப்படியே தெளிவா கேக்கும் சார்" என்றாள் கடைப்பெண்.

நானும் ஒரு தள்ளுபடி பார்த்தவன்தான். எழுபதுகளில், இதே கிறிஸ்துமஸ் வாரத்தில், கப்பலில் வந்த பிலிம் கேமரா ஒன்று பர்மா பஜாரில் கிடைத்தது.

"படம் மட்டும்தான் வுழும் நைனா, சத்தம் வராது. அதான் பாதி வெல" என்றார் கடைக்காரர்.

என் மனைவி பிலோமினாவோ, "எங்க வூட்டுக்காரு சினிமா மெஷின் வாங்கிகினு வந்துகீறாரு" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். ஊமை மெஷின் என்று சொல்ல எனக்கு வெட்கம். மறைத்துவிட்டேன்.

கிறிஸ்துமஸ் பூசை முடிந்ததும் மாதா கோயில் படியில் அவளை நிறுத்தி எடுத்தேன். நிறைமாதம். பிலிம் தீரும்வரை கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தாள். மெஷின் இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னா சொன்ன?"

"படம் வந்ததும் கேட்டுக்குங்க" என்று சிரித்தாள்.

அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

பிலிம் கழுவ பம்பாய்க்குப் போனது. திரும்பி வருவதற்குள் பிரசவத்தில் பிலோமினா போய்விட்டாள். குழந்தையும்.

"பில் போடட்டுமா சார்?" என்றாள் கடைப்பெண்.

"ரொம்ப லேட்டா குடுக்கிறியேம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது வீட்டில் அந்தப் படம் ஓடிக்கொண்டிருக்கிறது. "இன்னாங்க" என்று ஆரம்பிப்பது மட்டும் புரிகிறது.

உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?