துபாய்க்கு முன் ஒரு கயிற்றேணி

1. விழுந்தது

நான் கடலில் விழுந்தபோது எங்கள் லோஞ்ச் படகு என்னை விட்டு விலகிப் போனது. தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கியதும் கண்ட முதற் காட்சி அதுதான். ஒரு பக்கம் கப்பலின் இரும்புச் சுவர். மறுபக்கம் விலகிக்கொண்டிருக்கும் லோஞ்ச். "காக்கா, விட்டிட்டுப் போகாதேங்கோ!" என்று கத்தினேன். வாய் நிறைய உப்புநீர் போனது.

இது நடந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. இன்னும் படி இறங்கும்போது என் கை தானாகவே ஒரு பிடியைத் தேடுகிறது. ஆனாலும் திருகோணமலைத் துறைமுகத்தில் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

என் வேலைக்கு வோட்டர் கிளாக் என்று பெயர். ஒரு கப்பல் ஏஜென்சிக்காக, வருகிற கப்பல்களை லோஞ்சில் போய்ச் சந்திக்க வேண்டும். குடிதண்ணீர், மரக்கறி, டொக்டர் என்று கப்டனுக்கு என்ன தேவையோ கேட்டு வந்து ஒழுங்கு செய்ய வேண்டும். பாதி வேலை மேசையில். மற்றப் பாதி, கப்பலின் பக்கத்தில் தொங்கும் கயிற்றேணியில். லோஞ்ச் அலையின் உச்சிக்கு எழும் கணத்தில் ஏணியைப் பிடித்துக் கடகடவென்று ஏறிவிட வேண்டும். பிந்தினால், அடுத்த அலையில் லோஞ்ச் எழும்பி வந்து காலை நசுக்கிவிடும்.

அந்தக் கணத்தை எனக்குச் சொல்பவர் லோஞ்சை ஓட்டும் சுக்கானி ஹனீபா காக்கா. கிண்ணியாக்காரர்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். "இப்ப!" என்பார். நான் பிடிப்பேன். இத்தனை வருடமாக அவர் சொல்லுக்கு மேல் நான் யோசித்ததில்லை.

2. செல்வராசா கொண்டுவந்த ஊர்

என் பக்கத்து மேசையில் இருந்த செல்வராசா துபாய்க்குப் போய்விட்டவர். லீவில் எங்கள் ஊர் உப்புவெளிக்கு வந்தவர், ஒரு பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அது துறைமுகமில்லை அண்ணை, திருவிழா. கடல் ஊருக்குள்ள ஒரு ஓடை மாதிரி நுழையுது. ரெண்டு கரையிலயும் வள்ளங்கள் முட்டிக்கொண்டு நிக்கும். ஈரான்காரன், மலையாளி, பட்டாணியன், எங்கட ஆக்கள். பொழுதுபட்டாத்தான் கடைத்தெரு கண் முழிக்கும். எங்கட ஏஜென்சியில உங்களுக்கு வேலை இருக்கு. குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வரலாம்."

என் மகள் சுமதி கதவோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, ஓம் எண்டு சொல்லுங்கோ. இஞ்ச பொழுதுபட்டா ரோட்டில நாயைத் தவிர ஆர் நடக்கினம்?"

குசினிக்குள்ளிருந்து என் மனைவி பரிமளத்தின் குரல் வந்தது: "அங்க முருங்கைக்காய் கிடைக்குமோ எண்டு கேளுங்கோ."

"எல்லாம் பம்பாயில இருந்து வரும் அக்கா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் என் மனத்தில் ஓடியது வேறு. சுமதிக்குப் படிக்கவும் நாலு ஊரைப் பார்க்கவும் ஆசை. அதற்கு இங்கே வழி குறுகிக்கொண்டு வருவது எனக்குத் தெரியும். ஆனால் அங்கே எனக்கு ஒன்று நடந்தால், பாஷை தெரியாத ஊரில் இந்த இரண்டு பேரும் யாரிடம் போவார்கள்?

போகும்போது செல்வராசா ஒரு சோடி சப்பாத்தைத் தந்துவிட்டுப் போனார். கனத்த தோல், புத்தம் புதுசு. "இது போடாமல் அங்க கப்பலில கால் வைக்க விடமாட்டாங்கள். இப்பவே போட்டுப் பழகுங்கோ."

3. பழகப் போட்ட சப்பாத்து

எங்கள் லோஞ்சில் ஒரு வழக்கம் உண்டு. ஏறியதும் செருப்பைக் கழற்றி என்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். கயிற்றேணியில் வெறுங்காலோடுதான் ஏறுவோம். ஈரப் பலகையை விரல்கள் பற்றிக்கொள்ளும். யாரும் எழுதிவைத்த விதியில்லை, எல்லோரும் செய்வதுதான்.

அன்று நான் கழற்றவில்லை. துபாய்க்குப் போவதா இல்லையா என்றே முடிவெடுக்காதவன், துபாய்ச் சப்பாத்தைப் பழகிக்கொண்டிருந்தேன்.

ஹனீபா காக்கா குனிந்து பார்த்தார். "என்ன கிளாக்கர், பட்டாளத்தில சேர்ந்திட்டீங்களா?"

"பழகிறன் காக்கா."

"பழகுறதுக்கு றோட்டு இல்லையா? வாடைக்காத்து அடிக்குது. கழட்டுங்க."

"ஒருக்கால் பாப்பம்" என்றேன்.

கப்பல் வெளியே கொட்டியாரக் குடாவில் நின்றது. அவர் "இப்ப!" என்றார். சரியான கணத்தில்தான் பிடித்தேன். மூன்றாவது படியில் புதுத்தோல் வழுக்கியது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேன். லோஞ்ச் விலகியது. சப்பாத்து இரண்டும் என்னைக் கீழே இழுத்தன. பிறகு காக்கா எறிந்த உயிர்காப்பு வளையம் முகத்துக்கு நேரே வந்து விழுந்தது. அதைக் கட்டிப்பிடித்ததும் கயிறு இறுகி, கப்பலை விட்டுத் தூரமாக என்னை இழுத்தது. இழுத்துப் போட்ட பிறகு லோஞ்சின் தரையில் கிடந்து, குடித்த உப்புநீரைச் சத்தி எடுத்தேன்.

"ஏன் காக்கா விட்டிட்டுப் போனனீங்கள்?" என்று அழாத குறையாகக் கேட்டேன்.

அவர் ஈரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "கிட்ட வந்திருந்தா, அடுத்த அலையில உங்களக் கப்பலோட வெச்சு அரைச்சிருப்பன். விசிறி உங்கள வெட்டிப் போடும் எண்டு என்ஜின நிப்பாட்டிப் போட்டு, கம்பால கப்பலத் தள்ளித்தான் விலகினன். நீங்க கத்தினது கேட்டது. கேட்டுக்கொண்டுதான் தள்ளினன்."

நான் கத்தக் கத்த, எனக்காகவே விலகி நின்ற மனிதர் அவர்.

4. நன்றி சொல்லப் போனது

அதன் பிறகு மேசை வேலை மட்டும் பார்த்தேன். கப்பலுக்கு வேறு ஆள் போனார். செல்வராசா பதில் கேட்டுச் சொல்லி அனுப்பியபோது, இல்லை என்று சொல்வதென முடிவெடுத்துவிட்டு, லோஞ்ச் கட்டும் ஜெட்டிக்குப் போனேன். காக்காவுக்கு அது சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன்.

"நான் போகேல்லை காக்கா. உங்களை விட்டிட்டு வேற ஆரின்ர லோஞ்சில நம்பி ஏறுவன்?"

மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நான் மவுத்தானா என்ன செய்வீங்க? கிண்ணியாவுக்கு வந்து என்ட குழிக்குப் பக்கத்தில படுப்பீங்களா?"

காக்கா கட்டுக்கயிற்றை ஓர் இழுப்பு இழுத்து முடிந்தார்.

"போறதும் இருக்கிறதும் உங்கட வீட்டு விசயம் கிளாக்கர். போகாட்டி, போகப் பயம் எண்டு சொல்லுங்க. என்னக் காரணம் சொல்லாதீங்க. தண்ணியில இருந்து எடுத்தது, கரையில நட்டு வைக்கவா?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "அங்கயும் லோஞ்ச் ஓட்டுறவன் மனிசன்தான். முதல் நாள் ஓபிசுக்குப் போக முந்தி அவனிட்டப் போங்க. பேரக் கேளுங்க. ரெண்டு மூண்டு தரம் ஏறாம, சும்மா கூடப் போய்வாங்க. அவன்ட கை தெரிஞ்ச பிறகு ஏறுங்க. இண்டைக்கு ஒரு கப்பல் நிக்குது. வாறீங்களா?"

போனேன். செருப்பைக் கழற்றி என்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஏணியைப் பிடித்தேன். ஏறினேன். மேலே நின்ற மாலுமி கை கொடுத்தபோது, அதை விட மனமில்லாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றேன்.

பிள்ளைகளே, இந்த வேலையில் நான் கற்றது இதுதான். உங்களைக் காப்பாற்றியவருக்கு வாழ்நாள் முழுக்க நன்றியோடு இருங்கள். ஆனால் உங்கள் பயத்துக்கு அந்த நன்றியைப் போர்த்திவிடாதீர்கள். அது அவருக்கும் பாரம்.

அன்று பின்னேரம் பரிமளம் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். "போவம்" என்றேன்.

அவள் நிமிரவில்லை. "பயமில்லையோ?"

"பயம்தான்."

திருவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்பாடா. இந்த வீட்டில நான் ஒருத்திதான் பயந்து சாகிறன் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்."