கை கொடுத்தவனுக்கு ஒரு வத்தகப்பழம்

கொழும்பு மொத்தச் சந்தையை நினைத்தால் எனக்கு இப்பவும் காது சுடும். நாட்டின் பழமும் மரக்கறியும் அங்கே போய்த்தான் நாலா பக்கமும் பிரிகிறதாம். பிரியட்டும். நான் மட்டும் இனி அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டேன்.

என் மனைவியின் தம்பி மன்னாரில் கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் வயல் செய்கிறவன். அந்த முறை நெல் வெட்டிய கையோடு, தர்ப்பூசணி என்கிறார்களே, அந்த வத்தகப்பழம் போட்டான். நல்லாய்க் காய்த்தது. தோட்டத்துக்கு வந்த வியாபாரி சொன்ன விலை பிடிக்கவில்லை. தானே லொறி பிடித்துக் கொழும்புக்குக் கொண்டுபோகத் துணிந்தான். அந்த ஒரு லொறிதான் அவனுடைய பாடு முழுக்க. நல்லாய் விற்றால் மாரி மழையோடு விதைக்கிற காலபோகத்துக்கு விதைநெல்லும் உரமும். இல்லாவிட்டால் வயலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

துணைக்கு என்னைக் கூப்பிட்டான். நான் பேசாலைக் கடற்கரைக்காரன். வத்தகப்பழம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதைத் தின்னலாம் என்பது மட்டும். ஆனால் வாய் இருக்கிறதே. பேரம் பேச அது காணும் என்று நம்பினான், பாவம்.

விடியச் சந்தைக்குள் போனோம். மிதிபட்ட தக்காளியும் முட்டைக்கோவா இலையும் சேறாய்க் கிடந்தன. கருவாட்டோடு குடும்பம் நடத்திய என் மூக்கே திரும்பிப் போவோமா என்று கேட்டது. லொறிக்குக் குறுக்கே ஒரு கைவண்டி. இரண்டு பேர் வந்து அதை இழுத்துவிட்டார்கள். இன்னொருவன் தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்க்கக் கை கொடுத்தான்.

எங்கள் கரையில் வள்ளத்தை மணலுக்கு இழுத்து ஏற்றக் கயிற்றைப் பிடித்தவன் எவனும் வெறுங்கையோடு போவதில்லை. கறிக்கு மீன் போட்டுத்தான் அனுப்புவோம். அவன் கேட்கவும் தேவையில்லை. நானும் அந்த முறைப்படி ஆளுக்கொரு பழம் கொடுத்தேன். அதைப் பார்த்து இன்னும் பலருக்கு உதவி செய்கிற ஆசை வந்தது. லொறிக்கு மேலே நின்று, வெள்ள நிவாரணம் கொடுக்கிற அரசியல்வாதி மாதிரிப் பல்லைக் காட்டிக்கொண்டு கொடுத்தேன். மச்சான் கீழே நின்று முறைத்தான். பாசத்தோடு பார்க்கிறான் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு மொத்த வியாபாரி வந்தார். ஒரு பழத்தை வெட்டினார். இரத்தச் சிவப்பு. முழுதையும் தின்றார். இன்னொன்றை வெட்டினார், அதையும் தின்றார். வாயைத் துடைத்துவிட்டு, தோட்டத்து வியாபாரி சொன்னதிலும் பாதி விலை சொன்னார். ஏன் என்று மச்சான் கேட்டான்.

"நல்ல பழத்தை எவனாவது சும்மா குடுப்பானா? நாளைக்கு அழுகிடும்னு தெரிஞ்சுதானே குடுக்கிறீங்க."

வள்ளம், கயிறு, கறிக்கு மீன் என்று நான் விளக்கினேன். அவர் பல்லிடுக்கில் இருந்த விதையைத் தோண்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். மீன்காரனுக்கு இங்கே என்ன வேலை என்றார். அடுத்த கடைக்குப் போனோம், அதற்கடுத்த கடைக்கும் போனோம். எங்களுக்கு முன்னமே கதை போய்விட்டது: மன்னார் லொறி, பழுதான சாமான். வெயில் ஏறியது. முதல் ஆளிடமே திரும்பி வந்து, அவர் சொன்ன விலைக்கே கொடுத்தோம்.

அந்தச் சந்தையில் நல்லதை மேலே அடுக்கி அழுகலைக் கீழே ஒளிக்கலாம். தராசில் விரல் வைக்கலாம். அதெல்லாம் வியாபாரம். கை கொடுத்தவனுக்கு ஒரு பழம் கொடுத்தால் மட்டும் அது கள்ளத்தனம்! பழுதான பழம் என்றால் இரண்டைத் தின்ற மனிதனுக்கு வயிறாவது நொந்திருக்க வேண்டாமா? நோகட்டும் என்று மனதார வேண்டினேன். அதை இன்றுவரை கோயிலில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை, சொல்லப் போவதும் இல்லை.

அந்தக் காலபோகம் மச்சானின் பாதி வயல் தரிசாய்க் கிடந்தது. வேலையில்லாத ஒரு நாள் காலையில் கரைக்கு வந்து, எங்களோடு கயிற்றைப் பிடித்து வள்ளம் ஏற்றினான். நான் இருந்ததில் பெரிய பாரை மீனாய்ப் பார்த்து அவனுடைய பையில் போட்டேன். அவன் அதை வெளியே எடுத்து, செவுளைத் தூக்கிப் பார்த்தான்.

"என்ன அத்தான், மீன் பழுதோ? சும்மா தாறியள்."

கரையே சிரித்தது. நான் இன்னொரு பாரையையும் பையில் போட்டேன். அதன் செவுளையும் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுபோனான்.